சாயர் ஸ்க்வீஸ்: ஃபில்டர் அருமை, கூட வரும் பை சுமார்

பல நாள் நடைபயணத்தில் முதுகில் ஏறும் கனத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அதைக் குறைக்க வழியே இல்லை. நாளுக்கு 4, 5 லிட்டர் குடிக்கும் பாதையில் மொத்தத்தையும் காலையிலேயே சுமந்துகொண்டு கிளம்புவதா, ஓடைக்கு ஓடை ஒரு லிட்டராகப் பிடித்துக்கொண்டு போவதா என்பதைக் கையில் இருக்கும் ஃபில்டர்தான் முடிவு செய்கிறது. நீண்ட பாதை நடப்பவர்களிடம் பல வருடமாகப் பரவலாகத் தென்படுவது சாயர் கம்பெனியின் ஸ்க்வீஸ். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினால் மூன்றாம் நாளே இதைத் திட்டத் தொடங்குவீர்கள்.

சாதனம் எளிமையானது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உருளை, காய்ந்த நிலையில் 85 கிராம். ஒரு முனையில் 28 மில்லிமீட்டர் திருகு. அது அழுக்குத் தண்ணீர் பக்கம். மறுமுனையில் இழுத்தால் திறந்து அழுத்தினால் மூடும் மூக்கு; அது சுத்தமான பக்கம். நடுவே ‘ப’ வடிவில் மடித்த, நூல் மாதிரி மெல்லிய குழாய்களின் கற்றை. குழாய்ச் சுவரில் உள்ள துளைகள் 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தண்ணீர் வெளியிலிருந்து சுவரைத் தாண்டிக் குழாய்க்குள் வருகிறது, அழுக்கும் கிருமியும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. சிறுநீரக டயாலிசிஸில் பயன்படும் அதே வகை இழைத் தொழில்நுட்பம்தான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, மாற்றவேண்டிய கார்ட்ரிட்ஜும் இல்லை.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது வெறும் அளவுக் கணக்கு. வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியாவின் கூடு 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) 4 முதல் 6; ஈ கோலை போன்ற பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் நீளம், அரை மைக்ரான் அகலம். இவை எதுவும் 0.1 துளைக்குள் நுழையாது. நோரோ, ஹெபடைடிஸ் ஏ, ரோட்டா வைரஸ்கள் 0.03 முதல் 0.08 மைக்ரான்தான். அவை தாராளமாகப் புகுந்து வந்துவிடும். ஆகவே மனித நடமாட்டம் குறைந்த மலை ஓடைக்கு இது போதும். மேலே ஊர் இருக்கிறது, நிறைய பேர் தங்கும் முகாம் இருக்கிறது, கழிவு கலக்க வாய்ப்பிருக்கிறது என்றால் போதாது. அங்கே வடிகட்டிய பிறகு குளோரின் டையாக்சைடு மாத்திரை போட வேண்டும். வரிசை முக்கியம்: கலங்கிய தண்ணீரில் மாத்திரையைப் போட்டால் அதன் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். வடிகட்டிவிட்டுப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த மாத்திரைக்கு 4 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது கிரிப்டோவுக்காக. அதை ஃபில்டர் ஏற்கெனவே பிடித்துவிட்டதால் வைரஸுக்கான அரை மணி நேரத்தோடு குடித்துவிடலாம்.

வைரஸ் மட்டுமல்ல, கரைந்திருக்கும் எதையும் இது தொடாது. உப்பு, வயலில் அடித்த பூச்சிமருந்து, சுரங்கத்திலிருந்து வரும் உலோகம் எல்லாம் அப்படியே வரும். நிறையப் பேர் மறப்பது நீலப்பச்சைப்பாசி. பெயின்ட் கொட்டியது மாதிரி பச்சைப் படலம் மிதக்கும் ஏரியில் பாசியை ஃபில்டர் தடுத்தாலும் அதன் நச்சு தண்ணீரில் கரைந்தே வரும். கொதிக்கவைத்தாலும் போகாது. அந்த ஏரியை விட்டுவிட்டு அடுத்த ஓடைக்கு நடப்பதுதான் வழி.

ஆயுள் லட்சம் கேலன் என்கிறது கம்பெனி. அதாவது சுமார் 3,78,000 லிட்டர். தினம் 4 லிட்டர் வடிகட்டினால் 250 வருடத்துக்கு மேல் வரும். பேரப்பிள்ளைகளுக்கு உயில் எழுதி வைக்கலாம். இந்த எண்ணுக்கு ஓடை ஓரத்தில் எந்த அர்த்தமும் இல்லை. இதன் ஆயுளை முடிப்பது மூன்று விஷயங்கள்: உறைபனி, காய்ந்து இறுகிய படிவு, சோம்பேறித்தனம். மூன்றுமே நம் கையில் இருக்கின்றன. புதிதாக இருக்கும்போது ஒரு லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். அதே ஃபில்டர் கழுவாமல் கிடந்தால், இரண்டு கையாலும் பிசைந்தும் ஐந்து நிமிடம் ஆகும். ‘ஸ்க்வீஸ் மெதுவாக வருகிறது’ என்ற புகாரில் பெரும்பாலானவை கழுவாத ஃபில்டரைப் பற்றியவையே.

கழுவுவது என்றால் பேக்ஃப்ளஷ். வடிகட்டிய தண்ணீரை மூக்கு வழியாக எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். அதற்காகப் பெட்டியில் 60 மில்லி சிரிஞ்ச் வருகிறது. இதில் பலரும் செய்யும் தவறு, மெதுவாக அழுத்துவது. எளிதான வழியில் போவதுதான் தண்ணீரின் குணம். மெதுவாகத் தள்ளினால் ஏற்கெனவே திறந்திருக்கும் இழைகள் வழியாகவே போய்விடும், அடைத்தவை அடைத்தபடியே இருக்கும். மூக்கைத் திறந்து, சிரிஞ்சின் முனையை அதில் இறுக்கமாகப் பொருத்தி, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். திருகு முனையைக் கீழே பார்த்துப் பிடித்தால் வெளியே வருவதைப் பார்க்கலாம்: முதல் தள்ளலில் தேநீர் நிறத்தில், சில சமயம் மெல்லிய சேற்றுத் துணுக்குகளோடு வரும். நிறம் தெளியும்வரை நாலைந்து தடவை தள்ளுங்கள். உருளையை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை தள்ளினால் இன்னும் கொஞ்சம் வரும். இதற்கு வடிகட்டிய தண்ணீர் மட்டும்தான். அவசரத்தில் ஓடைத் தண்ணீரை சிரிஞ்சில் இழுத்து அடித்தால் சுத்தமான பக்கத்தையே அழுக்காக்கிக்கொண்ட கதைதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தெளிந்த ஊற்று என்றால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும், கலங்கல் என்றால் தினமும் மாலையில். ஓட்டம் குறைந்த பிறகு கழுவலாம் என்று காத்திருக்க வேண்டாம். முழுக்க அடைத்த ஃபில்டரைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவது கடினம்.

சிரிஞ்ச் சுமார் 30 கிராம். அதைச் சுமக்க விருப்பமில்லாதவர்களுக்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலின் இழுத்துத் திறக்கும் மூடி. பாட்டிலில் சுத்தமான நீரை நிரப்பி, மூடியின் வாயை ஃபில்டர் மூக்கோடு சேர்த்துப் பிடித்து, பாட்டிலை அமுக்கினால் போதும். இன்னொன்று சாயரே விற்கும் சின்ன இணைப்பு வளையம். ஃபில்டரின் சுத்தமான பக்கத்தையும் ஒரு பாட்டிலையும் திருகி இணைத்துவிடும். சில கிராம்தான் எடை, ஒழுகல் இல்லை. ஆனால் அழுத்தம் சிரிஞ்ச் அளவு வராது. வழியில் வளையம், வீட்டுக்கு வந்தபின் சிரிஞ்ச் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி பை. ஃபில்டருடன் வரும் தட்டையான பிளாஸ்டிக் பைதான் இந்தப் பொருளின் பலவீனம், அதில் சந்தேகமே வேண்டாம். முதல் குறை நிரப்புவது. வாய் 28 மில்லிமீட்டர்தான். பை தானாக விரியாது. அருவியின் கீழே பிடித்தால் நிரம்பும். விரற்கடை ஆழமுள்ள ஓடையிலோ அசையாத குட்டையிலோ முக்கினால் கால்பங்கு கூட நிரம்பாது. வாயால் ஊதி விரித்துவிட்டு முக்கலாம் என்றால் வாய் படுவது அழுக்குத் தண்ணீர் பட்ட இடத்தில். அடிப்பகுதியை வெட்டிய பாட்டிலோ குவளையோ கொண்டு மொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது. பாறையில் கசிந்து வழியும் தண்ணீர் என்றால் ஒரு அகலமான இலையைப் பாறையில் வைத்து மேலே சிறு கல்லால் அழுத்திவிட்டால், இலை நுனியில் தண்ணீர் ஒரே தாரையாக விழும். அதில் பையைப் பிடிக்கலாம்.

இரண்டாவது குறை கிழிவது. கிழியும் இடம் எப்போதும் ஒன்றே: கெட்டியான கழுத்து மெல்லிய பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கும் ஓரம், அல்லது பக்கவாட்டு ஒட்டுத் தையல். காரணமும் தெளிவு. ஃபில்டர் அடைக்க அடைக்கக் கை அதிகமாக அழுத்துகிறது; அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டு. துணி பிழிவது மாதிரி பையை முறுக்கினால் இன்னும் சீக்கிரம் போகும். கீழிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, உள்ளங்கையால் சமமாக அமுக்குவதுதான் முறை. பையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவதும் தவிர்க்க வேண்டியது. எவ்வளவு பார்த்துப் பயன்படுத்தினாலும் சில வாரம் நீளும் பயணத்துக்கு அந்த ஒரு பையை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

தீர்வு எளிது, ஏனென்றால் 28 மில்லிமீட்டர் திருகு பொதுவான அளவு. குளிர்பான பாட்டில்கள் பலவற்றிலும் இதே திருகுதான். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் அழுக்குத் தண்ணீரை நிரப்பி நேரடியாக ஃபில்டரைத் திருகிக் குடிக்கலாம். பாட்டிலுக்குள் காற்று போக வழி இல்லாததால் அது உள்வாங்கிச் சுருங்கும். அவ்வப்போது திருகைச் சற்றுத் தளர்த்திக் காற்று விட வேண்டும், அவ்வளவுதான். வசதி வேண்டுமென்றால் சினாக் கம்பெனியின் வெக்டோ பை. ஒரு முனையில் 28 மில்லிமீட்டர் வாய், மறுமுனை முழுவதும் அகலமாகத் திறந்து ஒரு பிளாஸ்டிக் சட்டத்தால் மூடிக்கொள்ளும். ஆழமில்லாத ஓடையிலும் ஒரு வீச்சில் நிரம்புகிறது. 2 லிட்டர் பை 75-80 கிராம் வரும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது: அதே பை 42 மில்லிமீட்டர் வாயிலும் வருகிறது, அது ஸ்க்வீஸில் சேராது. மூடும் சட்டத்தின் காடியில் மணல் சிக்கினால் கசியும். மூடுவதற்கு முன் விரலால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும்.

அடுத்து, கவனிக்காமல் விட்டால் நேராக வயிற்றைத் தாக்கும் ஒரு சிறு சமாச்சாரம்: ஃபில்டரின் திருகுக்குள் கிடக்கும் ரப்பர் வாஷர். ஃபில்டரைக் கழற்றும்போது அது பை வாயிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, இருட்டில் கீழே விழுந்து காணாமல் போகும். வாஷர் இல்லாமல் திருகினாலும் ஃபில்டர் வேலை செய்கிற மாதிரியேதான் தெரியும். ஆனால் இணைப்பில் கசியும் அழுக்குத் தண்ணீர் உருளையின் வெளிப்பக்கமாக வழிந்து, மூக்கின் ஓரத்தில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் சுத்தமான பாட்டிலுக்குள் விழும். உள்ளே துளை 0.1 மைக்ரான் என்ன, 0.01 மைக்ரான் இருந்தும் பயன் இல்லை. கோணலாகத் திருகினாலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் திருகுவதற்கு முன் வாஷர் உள்ளே இருக்கிறதா என்று ஒரு பார்வை, அமுக்கத் தொடங்கியதும் இணைப்பில் ஒரு விரல் வைத்து ஈரம் வருகிறதா என்று ஒரு சோதனை. இரண்டு மாற்று வாஷர் முதுகுப்பையில் இருக்கட்டும்; எடையே கிடையாது. அழுக்கு பாட்டிலுக்கு வண்ண டேப் சுற்றி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். களைப்பில் பாட்டில் மாறிப்போவது சாதாரணம்.

உறைபனி பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை நனைந்த ஃபில்டரில் எவ்வளவு உதறினாலும் இழைகளுக்குள் தண்ணீர் தங்கியே இருக்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. இழையின் சுவர் வெடிக்க அது போதும். வெடித்த இழை வழியாகத் தண்ணீர் வடிகட்டப்படாமலே வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சோதித்து உறுதி செய்ய இந்த மாடலில் நம்பகமான வழியும் இல்லை. ஓட்டம் திடீரென்று வேகமாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அது கெட்ட அறிகுறி. உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே கம்பெனியின் அறிவுரை தூக்கிப் போடு என்பதுதான். இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும் என்றால் உதறிவிட்டு, ஜிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துத் தூங்குங்கள். காலையில் முதுகுப்பையின் வெளிப்பக்கத்தில் சொருகிக்கொண்டு கிளம்புவதும் ஆபத்து; வெயில் ஏறும்வரை சட்டைக்குள் ஜேபியில் இருக்கட்டும். சந்தேகம் வந்த அன்று கைகொடுப்பதற்காகவே பத்துப் பன்னிரண்டு மாத்திரை எப்போதும் பையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்க வைப்பதுதான்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

கலங்கல் தண்ணீரில் ஸ்க்வீஸ் சீக்கிரம் திணறும். பனியாற்று நீர் பால் மாதிரி வெளுத்து வரும். பனியாறு பாறையை அரைத்த அந்த மாவு மிக நுண்மையானது, துணியில் நிற்காது. முந்தைய மாலையே பாத்திரத்தில் பிடித்து அசையாமல் வைத்து, காலையில் மேல்நீரை மட்டும் மெதுவாக எடுப்பது பலன் தரும். இலைதழை, பூச்சி, மணலுக்குக் கைக்குட்டையை நாலாக மடித்து வடித்தால் போதும்.

ஈர்ப்பு முறையிலும் இதை ஓட்டலாம், முகாமில் அதுதான் சுகம். பையை மரத்தில் தொங்கவிட்டு, குழாயால் ஃபில்டரோடு இணைத்து, கீழே பாட்டில். இங்கே வேகத்தைத் தருவது பையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு உயரம் என்பதே; ஒரு மீட்டருக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம். பையின் வாயிலேயே ஃபில்டரைத் திருகித் தொங்கவிட்டுவிட்டு ஓட்டம் வரவில்லை என்பவர்கள் இடையில் ஒரு மீட்டர் குழாய் சேர்த்துப் பார்க்கட்டும். தொடக்கத்தில் காற்றுக் குமிழி மாட்டி நின்றுவிட்டால், சுத்தமான பாட்டிலை மேலே தூக்கிச் சில விநாடி எதிர்த்திசையில் ஓடவிட்டால் குமிழி ஏறிவிடும்.

போட்டியாளர்களில் முதலில் அதே வீட்டுப் பிள்ளையான மினி. 57 கிராம். மிச்சமாகும் 28 கிராமுக்காகப் பாதி வேகத்தை இழக்கிறீர்கள். உள்ளே இழைப் பரப்பு குறைவு என்பதால் சீக்கிரம் அடைக்கவும் செய்யும். வாங்க வேண்டாம் என்பதே நம் கட்சி. காட்டடைன் பீஃப்ரீ ஒரு லிட்டர் பையோடு சேர்த்தே 65 கிராமுக்குள் அடங்கும். புதிதில் ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டர் வரை. வாய் 42 மில்லிமீட்டர் என்பதால் நிரப்புவதும் எளிது. ஆனால் பேக்ஃப்ளஷ் கிடையாது, தண்ணீரில் போட்டுக் குலுக்குவது மட்டும்தான். ஆயுள் 1,000 லிட்டர் வரை என்கிறது கம்பெனி. கலங்கல் நீரில் அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். வார இறுதி நடைக்கு அதுவே இதைவிட இனிது, மாதக்கணக்கில் என்றால் ஸ்க்வீஸ். பிளாட்டிபஸ் குயிக்டிராதான் நிஜமான போட்டி. துளை 0.2 மைக்ரான், 28 மில்லிமீட்டர் திருகு, பாட்டிலை மாற்றித் திருகியே கழுவலாம். இழை வெடித்திருக்கிறதா என்று பாதையிலேயே சோதிக்கவும் அதில் முடியும்: ஈரமான இழை வழியே காற்று போகாது, போனால் போச்சு. உறைபனிக் காலத்தில் நடப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே அதைச் சொல்லலாம். வைரஸ் பயம் உள்ள இடங்களிலேயே அதிகம் நடப்பவர்களுக்கு கிரேல் ஜியோபிரெஸ் மாதிரி அழுத்தும் பாட்டில் இருக்கிறது, ஆனால் 450 கிராம் கனம். கூடவே கார்ட்ரிட்ஜ் மாற்றும் செலவு.

பயணம் முடிந்து வைக்கும்போது செய்வதுதான் அடுத்த பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும். சிரிஞ்சால் நன்றாகக் கழுவி, வாசனை சேர்க்காத பிளீச்சைக் கையேட்டில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து ஒருமுறை செலுத்தி, மூக்கைத் திறந்துவைத்து நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். முழுக்க என்றால் நாள்கணக்கில். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் பூஞ்சை வரும். கழுவாமல் காயவிட்டால் சுண்ணாம்பும் களிமண்ணும் இழையில் இறுகும். மாதங்கள் கழித்து எடுத்து அமுக்கினால் ஒரு சொட்டும் வரவில்லையா? கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கொதிக்காத சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம். சுண்ணாம்புப் படிவு கரைந்து பெரும்பாலும் திறந்துகொள்ளும். பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நடுவில் நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு மட்டும் வாங்காதீர்கள். எந்தக் குளிரில் எங்கே கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், அதை ஃபில்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.